வாசகசாலையில் வைத்த வெற்றிலை

பரமத்தி வேலூருக்குக் கிழக்கே, காவிரிக் கரையோர வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். அங்கே பாலசுந்தரம் வாத்தியார் பேரைச் சொன்னால் எல்லோர் முகத்திலும் ஒரு சிரிப்பு வரும். கெட்ட சிரிப்பு இல்லை. மனிதருக்கு எதைக் கண்டாலும் அளக்க வேண்டும், அவ்வளவுதான். தென்னையின் நிழலை அளந்து மரத்தின் உயரம் சொல்வார். வாய்க்காலில் ஒரு துரும்பை மிதக்கவிட்டு, அதோடு கூடவே நடந்து, தண்ணீர் என்ன வேகத்தில் போகிறது என்று சொல்வார். கல்யாணமான புதிதில், ஜானகியம்மாள் வைத்த ரசத்தில் உப்பு எவ்வளவு கூடிப்போனது என்று கணக்காகச் சொல்லப் போய், இரண்டு நாள் வெறும் மோர்ச்சோறு தின்றார். அப்புறமும் அடங்கவில்லை.

"கணக்கு வாத்தியாருக்கு வாக்கப்பட்டா சோத்துப் பருக்கையக்கூட எண்ணித்தானுங்க போடோணும்" என்று ஜானகியம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அவருக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமைதான்.

கவுண்டர் வீட்டுப் பிள்ளை. கொடிக்காலும் கரும்புக்காடும் இருந்தன. அதையெல்லாம் மச்சான் சென்னியப்பனிடம் விட்டுவிட்டு, வேலூர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தார். முப்பதுகளில் ஊருக்கு ஊர் கூட்டம் நடந்த காலம். தீண்டாமை போக வேண்டும், கோயில் திறக்க வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். பாலசுந்தரம் பேச்சோடு நிற்கிற ஆள் இல்லை. பழைய வெற்றிலை மண்டி ஒன்றைச் சுத்தம் பண்ணி, சுண்ணாம்பு அடித்து, அதில் ஒரு வாசகசாலை தொடங்கினார். பட்டணத்துப் பேப்பர் ஒருநாள் தாமதமாகப் பஸ்ஸில் வந்து சேரும். உறுப்பினர்கள் இருபது பேர். பாதிப் பேர் ஊர்த்தெருக் கவுண்டர்கள், பாதிப் பேர் கீழத்தெருக்காரர்கள். இந்தப் பாதிக்குப் பாதியைக் கொண்டுவர அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கிக் கெஞ்சினார். "ஒரே பாய்ல உக்காந்து பேப்பர் படிக்கறாங்க, எங்க ஊர்ல வந்து பாருங்க" என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லும்போது நெஞ்சு ஓர் அங்குலம் விரியும். அதை மட்டும் அவர் அளந்து பார்த்ததில்லை.

அந்தப் பேப்பரை உரக்கப் படிக்கிறவர் பச்சமுத்து. கீழத்தெருப் பிள்ளைகளுக்காக அரசாங்கம் வைத்த பள்ளிக்கூடத்தின் வாத்தியார் அவர். அந்தத் தெருவிலேயே பிறந்து படித்து வந்தவர். நல்ல குரல். சண்டைச் செய்தியைப் படித்தால் பீரங்கியே வெடிக்கும். சாயங்காலம் வாசகசாலையைப் பூட்டிய பிறகு இரண்டு வாத்தியார்களும் ராஜவாய்க்கால் கரை மேல் நடப்பார்கள். கணக்கு, ஜெர்மனி, வெற்றிலைக்கு வரும் வாடல் நோய் என்று எதைப் பற்றியும் பேசுவார்கள். இருட்டிய பிறகும் பேச்சு முடியாது. "எனக்கு இந்த ஊர்ல சிநேகிதருன்னா அது பச்சமுத்து வாத்தியாரு ஒருத்தருதான்" என்று பாலசுந்தரம் நாலு பேர் நடுவில் சத்தமாகச் சொல்வார். பச்சமுத்து அதைக் கேட்டுக் குனிந்து சிரித்துக்கொள்வார்.

நடை முடிந்து திரும்பும்போது பாலசுந்தரம் வீட்டு வாசல் வரைக்கும் பச்சமுத்து வருவார். "வாரனுங்க வாத்தியாரே" என்று அங்கேயே விடைபெற்றுக்கொள்வார். படி ஏறியதில்லை. ஏறச் சொல்லி இவரும் அழைத்ததில்லை. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. பேசாததனால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று பாலசுந்தரம் நினைத்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தெட்டாம் வருஷம் வாசகசாலையின் ஆண்டு விழா பற்றிப் பேசச் சேலத்திலிருந்து தண்டாயுதபாணி என்று ஒருவர் வந்தார். ஜவுளி வியாபாரி. நெசவுக்காரக் குடும்பம். ஊர் ஊராக வாசகசாலைகளுக்குப் புத்தகம் வாங்கித் தருகிற நல்ல மனசு, அதற்குச் சமமாகக் கொஞ்சம் குத்தல் பேச்சு. பாலசுந்தரம் தம் பாதிக்குப் பாதியை விளக்கினார். தண்டாயுதபாணி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"ரொம்ப சந்தோஷம் வாத்தியாரே. ஆனா சந்தையிலயும் எல்லாரும் ஒரே எடத்துலதானே நிக்கறாங்க? மேச்சேரி ஆடுகூட நம்ம பக்கத்துலதான் நிக்குது. ஒரே கூரைக்கடியில உக்கார்றது ஒண்ணு. யாரு யாரோட மனசு சேருதுங்கறது வேற ஒண்ணு. எங்க சேலத்துச் சங்கத்துலயும் பாதிக்குப் பாதிதான். கூட்டம் முடிஞ்சா அவனவன் அவனவன் ஆளுங்களோடதான் காப்பி குடிக்கப் போறான்."

பாலசுந்தரத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க ஊர் அப்பிடி இல்லீங்க. விழாவன்னைக்கு அளந்தே காட்டறனுங்க" என்றார்.

சொல்லிவிட்டார். எப்படி அளப்பது? வாய்விட்டுக் கேட்டால் ஒவ்வொருத்தரும், "எனக்கு எல்லாரும் ஒண்ணுதானுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதை எந்தப் படியில் போட்டு அளக்க? நாலைந்து நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் காதுகுத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அழைக்கப் புறப்பட்ட அந்த வீட்டம்மாளிடம் ஜானகியம்மாள் கேட்டது காதில் விழுந்தது. "மொத வெத்தலை யாரு ஊட்டுக்குங்க?"

வாத்தியார் துள்ளி எழுந்துவிட்டார். அந்தச் சீமையில் நல்லது என்றால், வெற்றிலை பாக்கைத் தட்டில் வைத்து வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும். எல்லோருக்கும்தான் வைப்பார்கள். ஆனால் முதலில் எந்த வீடு, அடுத்து எந்த வீடு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதில் முன்னே பின்னே ஆகி, அண்ணன் தம்பி வெட்டிக்கொண்ட கதைகூட உண்டு. வாய் பொய் சொல்லும், வெற்றிலை போகிற வழி பொய் சொல்லாது.

அன்று சாயங்காலம் வாய்க்கால் கரையில் பச்சமுத்துவிடம் படபடவென்று சொன்னார். உறுப்பினர் ஒவ்வொருவர் பேரிலும் ஒரு பனையோலைத் தட்டு. ஒவ்வொருவர் கையிலும் மூன்று வெற்றிலை. தன் வீட்டில் நாளைக்கே ஒரு நல்லது என்றால் முதலில் அழைக்கப்போகிற மூன்று பேர் யாரோ, அவர்கள் தட்டில் ஆளுக்கு ஒன்று வைக்க வேண்டும். ஒருவர் வைப்பதை மற்றவர் பார்க்கக் கூடாது. ஊர்த்தெருக்காரர் கையில் கொடுப்பது வெள்ளைக்கொடி, வெளிறிய இலை. கீழத்தெருக்காரர் கையில் பச்சைக்கொடி, கரும்பச்சை இலை. யார் வைத்தது என்று தெரியாது, எந்தத் தெரு வைத்தது என்று மட்டும் தெரியும்.

பச்சமுத்து நடையை நிறுத்திக் கேட்டார். "வெறுமனே எண்ணுனாப் பத்தாதுங்களே. எதோட ஒப்பிடறது?"

"அங்கதான் விசயமே இருக்குது வாத்தியாரே! மொதல்ல ரெண்டு நெற வெத்தலையவும் ஒரே கூடையில போட்டுக் கலக்கி, கண்ணைக் கட்டிக்கிட்டு எடுத்துத் தட்டுத் தட்டாப் போட்டுப் பாப்போம். அப்ப எப்பிடி விழுகுதோ, அதுதான் ஆள் பாக்காம விழுகறது."

"பாதிக்குப் பாதி விழுகும். மனசு வெக்கும்போது அதுலருந்து எவ்வளவு வெலகுதோ, அதுதான் அளவு. அப்பிடித்தானுங்களே?"

"அதேதான்!" என்று பாலசுந்தரம் அவர் தோளில் தட்டினார். கொஞ்சம் விலகல் இருக்கும், மாமன் மச்சான் என்று இருக்கத்தானே செய்யும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் தண்டாயுதபாணி வாயடைத்துப் போகிற அளவுக்குக் கலந்திருக்கும் என்பதில் பாலசுந்தரத்துக்குச் சந்தேகமே இல்லை. பச்சமுத்து மட்டும், "பாப்போமுங்க" என்றார்.

விழா நாள் வந்தது. மண்டியின் உள்ளறையில் தட்டுகளை வரிசையாகப் பரப்பி, தரையில் சாக்கட்டியால் பேர் எழுதினது பச்சமுத்துதான். முதலில் கண் கட்டிய ஆட்டம். தண்டாயுதபாணியே கண்ணைக் கட்டிக்கொண்டு வெற்றிலையை அள்ளி அள்ளிப் போட்டார். அநேகமாக எல்லாத் தட்டிலும் வெளிறியதும் கரும்பச்சையும் கலந்து கிடந்தன. எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். அப்புறம் தட்டுகளைக் காலி பண்ணிவிட்டு நிஜ ஆட்டம். ஒவ்வொருவராக உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, வைத்துவிட்டு வந்தார்கள். சிலர் போன வேகத்தில் வந்தார்கள். பரிசல் ஓட்டுகிற கீழத்தெருச் சின்னராஜ் வெகுநேரம் வெளியே வராமல், "உள்ளயே வெத்தலை போட்டுக்கிட்டு உக்காந்துட்டானாட்ட" என்று கேலி கிளம்பியது. பச்சமுத்து போய் வந்தார். கடைசியாகப் பாலசுந்தரம். வெளியே பந்தல்காரனுக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது, விருந்தாளிக்குக் காப்பி வரவில்லை, தலைக்கு மேல் வேலை. சட்டென்று போய் வைத்துவிட்டு வந்தார்.

கதவைத் திறந்து வைத்தார்கள். தண்டாயுதபாணி தட்டுத் தட்டாக எடுத்துக் காட்டிச் சொல்ல, பாலசுந்தரம் கரும்பலகையில் குறித்தார். சென்னியப்பன் தட்டில் வெளிறிய இலை குவிந்து கிடந்தது. கூட இரண்டு மூன்று பச்சைக்கொடி. அவர் காட்டில் வேலை பார்க்கிறவர்கள் வைத்தது. அது அன்பா, பயமா என்று வெற்றிலை சொல்லாது. அதுவரை எடுத்த மற்ற ஊர்த்தெருத் தட்டுகளில் வெள்ளையைத் தவிர வேறில்லை. கீழத்தெருத் தட்டுகளிலும் அதுவரை பச்சையைத் தவிர வேறில்லை. கண்ணைக் கட்டிப் போட்டதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தது. பாலசுந்தரம் குறித்ததை மறுபடியும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

சின்னராஜ் தட்டில் ஒரே ஒரு வெள்ளைக்கொடி இருந்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. யாரோ ஒரு கவுண்டர் வைத்திருக்கிறார். கூடவே மீன் பிடிக்கப் போகிறவரோ, ஆற்றில் ஒருநாள் கைகொடுத்து ஏற்றப்பட்டவரோ, யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

அடுத்தது பச்சமுத்துவின் தட்டு. தண்டாயுதபாணி கையில் எடுத்தார். இரண்டு பக்கமும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எல்லாம் பச்சைதான். வெள்ளை ஒண்ணுமில்லை" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பாலசுந்தரத்தைப் பார்த்தார்கள்.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளே போனார், மூன்று இலையை வைத்தார். மச்சான் சென்னியப்பன், பங்காளி சின்னுசாமி, வரப்புக்கு அடுத்த காட்டுக்காரர் செங்கோடன். தம் வீட்டிலிருந்து எந்த வரிசையில் எப்போதும் வெற்றிலை போகுமோ, அதே வரிசையில் கை தானாகப் போயிற்று. பச்சமுத்துவின் தட்டைத் தாண்டித்தான் போனார். தாண்டும்போது அந்தப் பேர் கண்ணில்கூடப் படவில்லை. வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து வைக்காமல் விட்டிருந்தாலாவது மனசைத் திட்டிக்கொள்ள ஒரு இடம் இருந்திருக்கும். நினைப்பே வரவில்லை. இருபது பேரையும் அளக்கக் கிளம்பியவர், தம்மை அந்த அளவுக்கு வெளியே வைத்திருந்தார்.

கடைசியாக அவருடைய தட்டு. வெளிறிய இலைகளுக்கு நடுவே ஒரே ஒரு பச்சைக்கொடி. அது யார் வைத்தது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. நன்றாகத் துடைத்து, காம்பு கிள்ளி வைத்திருந்தது.

பாலசுந்தரம் சாக்கட்டியைப் பலகை விளிம்பில் வைத்தார். பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. அந்த நேரத்தில் பச்சமுத்து எழுந்தார். கூட்டத்தைப் பார்த்து, பேப்பர் படிக்கிற அதே நிதானக் குரலில் சொன்னார்.

"இதுல ஒண்ணு சொல்லோணுமுங்க. அளக்கறவரு வாத்தியாரு. அவரே எனக்கு ஒரு வெத்தலை வெச்சா, கணக்கை வேணும்னே கோணலாக்குனாப்பல ஆயிருமுங்க. அதனால வெக்க மாட்டேன்னு எங்கிட்ட மொதல்லயே சொல்லிட்டாருங்க."

அப்படி ஒரு பேச்சு நடக்கவே இல்லை. கூட்டம், "அதானே பாத்தோம்" என்று மூச்சு விட்டது. தண்டாயுதபாணி பாலசுந்தரத்தைப் பார்த்து, "அப்படியா வாத்தியாரே?" என்று கேட்டார்.

ஒரு வார்த்தை போதும். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பாலசுந்தரம், "ஆமாங்க" என்றார்.

வெற்றிலை வைக்க மறந்ததைவிட இந்த ஆமாங்கதான் அவரைத் தின்றது. அவமானப்பட்டவன் எழுந்து வந்து அவமானப்படுத்தியவனுக்குத் துண்டு போர்த்துகிறான், இவர் அதை நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டார். தூ, நானும் ஒரு மனுஷனா என்று தம்மையே காறித் துப்பிக்கொள்ளாத நாளில்லை.

அப்புறமும் வாய்க்கால் கரையில் நடந்தார்கள். பச்சமுத்து அதைப் பற்றி ஒரு சொல் எடுக்கவில்லை. ஜெர்மனி பற்றிப் பேசினார், மழை பற்றிப் பேசினார். எடுத்தால் மன்னிப்புக் கேட்கலாம் என்று பாலசுந்தரம் காத்திருந்தார். தாமாக எடுக்கத் துணிவில்லை. வாசல் வந்ததும், "வாரனுங்க வாத்தியாரே." அவ்வளவுதான். இன்றைக்காவது "உள்ள வாங்க" என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். இத்தனை நாள் இல்லாமல் இப்போது அழைத்தால் எதற்கென்று அவருக்குத் தெரிந்துவிடுமே என்று நாக்கு மடங்கிக்கொள்ளும். அடுத்த வருஷம் பச்சமுத்துவுக்கு மல்லசமுத்திரம் பக்கம் மாற்றல் வந்தது. வண்டியில் சாமான் ஏற்றும்போது பாலசுந்தரம் கூடவே நின்றார். பேப்பரைப் படிக்க வேறு குரல் கிடைக்கவில்லை. வாசகசாலை கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டு கிடந்துவிட்டு, மறுபடியும் வெற்றிலை மண்டியாகிவிட்டது. பாலசுந்தரம் எதையும் அளப்பதை விட்டுவிட்டார். சைக்கிளை மிதித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார், வந்தார்.

உலகச் சண்டை முடிந்து அடுத்த வருஷம் மகள் சாரதாமணிக்குக் கல்யாணம் கூடியது. வெற்றிலைத் தட்டைத் துடைக்கும்போதே பாலசுந்தரம் ஜானகியம்மாளிடம் சொல்லிவிட்டார். "மொத வெத்தலை பச்சமுத்து வாத்தியாருக்குத்தான். இந்தத் தடவை விட மாட்டேன்."

ஜானகியம்மாள் வாய் திறக்குமுன் அவளுடைய அண்ணன் சென்னியப்பன் திறந்தார். "என்னுங்க மாப்ளே, புள்ளைக்கு மாமன் நானிருக்க மொத வெத்தலை அங்கயா? போங்க, வேண்டாங்கல. அந்தத் தெருவுக்குப் போன தட்டு அப்பறம் எங்க ஊட்டு வாசலுக்கு வரப்படாது. புள்ளை கல்யாணம், நல்லா ரோசன பண்ணிக்கங்க."

பாலசுந்தரம் யோசனை பண்ணினார். சத்தம் போட்டிருக்கலாம். மகளின் முகத்தைப் பார்த்தார். அந்தத் தட்டு மாமன் வீட்டுக்குப் போயிற்று, பங்காளி வீடுகளுக்குப் போயிற்று, ராசிபுரம், நாமக்கல் என்று ஊர் ஊராகப் போயிற்று. எல்லாம் முடிந்து ஒரு வாரம்தான் பாக்கி என்றபோது மல்லசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினார். வழியில் திருச்செங்கோட்டில் இறங்கி, புதிதாகத் தளதளவென்று வெற்றிலை வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டார். உங்களுக்குத்தான் முதல் அழைப்பு என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு. பஸ் போகப் போக அந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பச்சமுத்துவுக்குத் தலை நரைத்திருந்தது. ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். கட்டிலில் துண்டை விரித்து உட்காரவைத்தார். "மயிலு, நம்மூர் வாத்தியாரு வந்திருக்காரு பாரு" என்று மனைவியை அழைத்தார். மயிலம்மாள் செம்பில் மோர் கொண்டுவந்து, கொடுக்கலாமா என்று தயங்கி நின்றாள். பாலசுந்தரம் எழுந்து வாங்கிக் குடித்தார். அந்த வீட்டில் ஒரு வாய் மோர் குடிக்கப் பத்து வருஷத்துக்குமேல் ஆகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

தட்டை நீட்டினார். "பாப்பாவுக்குக் கல்யாணமுங்க வாத்தியாரே. அடுத்த ஞாயித்துக்கெழமை விடியக்கால முகூர்த்தம். குடும்பத்தோட வந்தறோணும்."

பச்சமுத்து இரண்டு கையாலும் வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நம்ம சாரதாமணிக்கா! எல்லா ஊட்டுக்கும் வெச்சு முடிஞ்சுதுங்களா?"

பஸ்ஸில் பழகி வைத்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. அந்த முகத்துக்கு எதிரே அது வெளியே வரவில்லை. "இதுதானுங்க கடைசி ஊடு" என்றார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

பச்சமுத்து கையிலிருந்த வெற்றிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளைக்கொடி. பிறகு அதே நிதானமான குரல்.

"கட்டாயம் வந்திருப்பனுங்க. பாருங்க, அன்னைக்குன்னு பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்சன் வெச்சிருக்காங்க. நவுர முடியாதுங்க. எங்க ஆசீர்வாதம் எப்பவும் பாப்பாவுக்கு உண்டு."

பாலசுந்தரத்தின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பந்தலில் இவரை எங்கே உட்காரவைப்பது, எந்தப் பந்தியில் இலை போடுவது, சென்னியப்பன் எழுந்து போனால் என்ன செய்வது என்று வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டு வந்தது அத்தனையும் ஒரே நொடியில் கரைந்து போயிற்று. அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை உணர்ந்த மறுகணமே உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் வாய், "அப்பிடிங்களா, அப்பச் செரிங்க" என்று சொல்லிவிட்டது. பச்சமுத்து பஸ் வரைக்கும் கூட வந்து, ஏற்றிவிட்டு, கை கூப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் ஜானகியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பச்சமுத்து வாத்தியாரு வாரேன்னாருங்களா?"

"இல்ல. அன்னைக்கு அவரு பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்சனாம்."

"ஞாயித்துக்கெழமைங்களா?" என்று கேட்டாள் ஜானகியம்மாள்.

பாலசுந்தரம் தட்டைக் கீழே வைத்துவிட்டு, வெளியே போய் வாசலில் நின்றுகொண்டார்.